நோய்க் காலத்துக்குப் பாட்டுச் சேர்த்து வைப்பது: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு நோயைக் குணப்படுத்தாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்த கொஞ்ச நாளிலேயே, இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, இன்னொன்று புற்றுநோய்க்கு என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அனுப்பியவரின் அன்பை எடுத்துக்கொள்ளுங்கள், பட்டியலை விட்டுவிடுங்கள்.

பாட்டால் ஆகக்கூடியது வேறு. அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர்களிடம் நடத்திய 73 ஆய்வுகளைத் தொகுத்து, 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. படுத்திருந்த நேரம் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். படுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

நம்பிக்கை விஷயத்திலும் இதே கணக்குதான். "தைரியமாக இருந்தாலே பாதி நோய் போய்விடும்" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதை நான் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று அழுததால் இன்று கட்டி வளர்ந்துவிடாது. சிரித்த முகமாகவே இருந்தாக வேண்டும் என்ற கடமை எந்த நோயாளிக்கும் கிடையாது. அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பாட்டுப் பக்கம் வாருங்கள்.

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருந்துகொண்டு கோவைக்குச் சிகிச்சைக்குப் போய் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அப்படிப் போய் வந்தவள்தான். கொடைக்கானல்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

யாருடைய பாட்டு?

முதல் வேலை பாட்டைத் தேர்ந்தெடுப்பது. அதை நோயாளிதான் செய்ய வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் படுத்துவிட்டால், அவரைக் கேட்காமலே பக்திப் பாடல் ஓட ஆரம்பித்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் சினிமாப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்த மனிதருக்குக் காலை ஐந்தரைக்குத் திடீரென்று கவசம் போட்டால் அவர் என்ன நினைப்பார்? தன் கதை முடியப்போகிறது என்று வீட்டாருக்குத் தெரிந்துவிட்டதாகத்தான் நினைப்பார். பக்தி உள்ளவருக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை என்பதையும் மறுக்கவில்லை. சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் நின்று பாடிய நாளிலிருந்தே நோயில் பாடுவது நமக்குப் பழக்கம். ஆனால் அப்பர் தாமே பாடினார். யாரும் அவர் தலைமாட்டில் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வைக்கவில்லை.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் காதில் விழுந்த பாட்டுகளை எழுதுங்கள். அந்த வயதில் கேட்டவைதான் நெஞ்சில் ஆழமாகத் தங்குகின்றன என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்களும் சொல்கிறார்கள். உடனே ஞாபகம் வராவிட்டால் வேறு வழியில் போங்கள். வீட்டில் எந்த வானொலி ஓடியது? எந்தப் பாட்டு வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார், எது வந்தால் அணைப்பார்? பள்ளி ஆண்டு விழாவில் எதற்கு ஆடினீர்கள்? 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில், மூத்தவர்களிடம் இலங்கை வானொலி என்று சொன்னாலே போதும். அறிவிப்பாளரின் குரலோடு சேர்த்துப் பாட்டுகள் வரிசையாக வந்து விழும்.

படுகர் வீட்டுப் பாட்டிக்கு ஹெத்தையம்மன் பண்டிகைப் பாட்டு இருக்கும். கோத்தர்களின் குழலும் மேளமும், இருளர்களின் ஆட்டப் பாட்டும் செல்பேசிச் செயலிகளில் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. ஊரில் பாடத் தெரிந்தவர்களை உட்காரவைத்துப் பேரப்பிள்ளைகள் பதிவு செய்து கொடுக்க வேண்டியதுதான். நோயாளியைப் பார்க்க வருகிற உறவினர்களிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் ஏற்கெனவே வேண்டிய அளவு வந்திருக்கும்.

சோகப் பாட்டு கேட்டால் மனம் இன்னும் தளர்ந்துவிடும் என்று தடுக்காதீர்கள். சிலருக்கு அதுதான் ஆறுதல். மொத்தத்தில் இருபது, இருபத்தைந்து பாட்டு போதும். ஆயிரம் பாட்டு இருந்தால் தேடுவதிலேயே தெம்பு போய்விடும்.

நேரப்படி பிரியுங்கள்

செயலிகள் பாட்டுகளை மகிழ்ச்சி, சோகம், அமைதி என்று பிரித்து வைத்திருக்கின்றன. நோயாளிக்கு இந்தப் பிரிவினை உதவாது. தன் மனநிலை இப்போது எது என்று யோசிக்கவே பல நாள் முடியாது. ஆனால் மணி என்ன என்று தெரியும். நோய்க் காலத்தில் கனத்துப்போகும் நேரங்கள் சில உண்டு. அவற்றுக்கென்று பாட்டை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

டோக்கன் வாங்கிக்கொண்டு மருத்துவருக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று. இதற்கு வரிகள் மனப்பாடமான பாட்டு வேண்டும். மனம் கையிலிருக்கும் கோப்பைப் புரட்டாமல் அடுத்த வரியோடு ஓடும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெயரைக் கூப்பிடுவது கேட்காது.

அடுத்தது மாலை ஐந்தரை, ஆறு மணி. மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மஞ்சு இறங்கி எதிர்ச்சரிவுத் தேயிலை மறைந்துவிடும்; கதவையும் ஜன்னலையும் சாத்தியாக வேண்டும். சமவெளியில் அந்த நேரத்துக்குத்தான் தெருவே கலகலப்பாகிறது, இங்கே அப்போதே இரவு தொடங்கிவிடுகிறது. சேமித்து வைத்த பாட்டைவிட அந்த நேரத்துக்கு வானொலிதான் நல்லது என்பது என் கட்சி. எங்கோ ஒருவர் உட்கார்ந்து இப்போது பேசிக்கொண்டிருக்கிறார், யாரோ ஒருவர் தன் ஊரையும் பெயரையும் சொல்லிப் பாட்டுக் கேட்கிறார் என்பதே ஒரு துணை. உதகை வானொலி இருக்கிறது. பழனி மலைப் பக்கம் என்றால் கொடைக்கானல் பண்பலையின் 100.5-ஐச் சொல்லவே வேண்டாம். தென் மாவட்டங்களில் பாதிச் சமையலறைகளுக்கு அது பழக்கமான குரல்.

விடியற்காலை மூன்று மணி இன்னொன்று. கீமோ சிகிச்சையோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அப்போது வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். வரி வந்தால் மனமும் கூடவே எழுந்து உட்கார்ந்துவிடும். வீணையோ புல்லாங்குழலோ தாழ்ந்த சத்தத்தில், அரை மணி நேரத்தில் தானாக நின்றுபோகும்படி டைமர் வைத்து. தினமும் ஒரே இசையை வையுங்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் இருப்பவர்கள் ஸ்பீக்கரைத் தவிர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் இலை பறிக்கப் போக வேண்டியவர்.

ஸ்கேன் எடுக்கும் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்ஆர்ஐ அறைக்குள் செல்பேசியோ உங்கள் இயர்போனோ கொண்டுபோக முடியாது. சில மையங்களில் அவர்களே காதுக்கு மாட்டிப் பாட்டுப் போடுகிறார்கள், கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் மனதுக்குள்தான் பாட வேண்டும். இயந்திரம் 'டக டக' என்று அடிக்கும்போது மெல்லிய பாட்டெல்லாம் நிற்காது. நல்ல தாளக்கட்டு உள்ள பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சினிமாப் பாட்டு நான்கு நிமிடம் சொச்சம். அரை மணி நேர ஸ்கேன் என்றால் ஏழு பாட்டு. அசையாமல் படுக்கச் சொல்லியிருப்பார்கள் என்பதால் விரல் மடக்கியும் எண்ண முடியாது. அதனால் நான் பாட்டுகளைப் படங்கள் வெளிவந்த வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்வேன். எந்தப் படம் வந்துவிட்டது என்று பார்த்தால் இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும்.

பாட்டைக் கடிகாரமாக வைத்துக்கொள்வது வீட்டிலும் உதவும். "தினமும் பத்து நிமிடம் நடங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தால், முதல் வாரம் வாசலுக்கும் சமையலறைக்கும் இடையே ஒரு பாட்டு, பிறகு இரண்டு. பாட்டின் நடுவில் நின்றுவிட்டாலும் பாதகமில்லை. சரணம் வரை வந்துவிட்டோம் என்றாவது இருக்கும்.

மருந்து ஏறும் நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு உயிரான பாட்டைக் கீமோ நாளில் கேட்காதீர்கள்.

அரவங்காட்டில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா, மருந்து ஏறும்போதெல்லாம் தனக்கு மிகவும் பிடித்த ஒரு பழைய பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டார். சிகிச்சை நல்லபடியாக முடிந்து, முடியும் வளர்ந்து, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் இலை போட்டு, அப்பளம் வைத்துக்கொண்டு போகும்போது ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. முன்னிசை முடிவதற்குள் வாயெல்லாம் எச்சில் ஊறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். அவர் உடம்பில் அப்போது ஒரு துளி மருந்து கிடையாது.

இது மனப்பிரமை இல்லை. குமட்டல் வரும்போது கூட இருந்த வாசனை, சுவை, காட்சி, சத்தம் எல்லாவற்றையும் உடம்பு குமட்டலோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. சிலருக்கு பஸ் மருத்துவமனைப் பக்கம் திரும்பும்போதே வாந்தி வருவது இதனால்தான். அப்படி வருமானால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்தும் இருக்கிறது, முன்கூட்டியே கொடுப்பார்கள்.

ஆகவே மருந்து நாளுக்கென்று ஒரு தனிப் பட்டியல் போடுங்கள். கேட்க நன்றாக இருக்க வேண்டும்; ஆனால் நாளை பிடிக்காமல் போனாலும் நஷ்டமில்லாத பாட்டுகளாக இருக்க வேண்டும். புதிதாக வந்த படங்களிலிருந்து எடுத்தால் சௌகரியம். இதே விதி தின்பண்டத்துக்கும் உண்டு. உதகை வர்க்கி பிடிக்கும் என்றால் அன்று அதைப் பையில் வைக்காதீர்கள். பாவம், வர்க்கி என்ன குற்றம் செய்தது?

பிறகு பாதை. உதகையிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் இறங்கும்போது பெரிதாகத் தெரியாது. மாலையில் மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு திரும்ப ஏறும்போதுதான் ஒவ்வொரு வளைவும் கணக்கு வைக்கும். வண்டி கிளம்புவதற்கு முன்பே பாட்டைப் போட்டுவிட்டு செல்பேசியைப் பைக்குள் வையுங்கள். வளைவில் திரையைக் குனிந்து பார்த்துப் பாட்டு மாற்றினால் தலை சுற்றுவது நிச்சயம். முன் இருக்கை, பார்வை தூரத்துச் சாலையில். வாந்தி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டால் மலையேறும் நேரத்துக்கு வேலை செய்யும் என்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் மலை ரயிலில் போனால் ஆட்டம் இருக்காதே என்று கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை அது ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கும். உடம்பு தேறிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள்.

காது விஷயத்தில் கவனம் வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும், காசநோய்க்குச் சிலருக்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் ஊசிகளும் கேட்கும் திறனைக் குறைக்கக்கூடியவை. காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டாலோ, மற்றவர்கள் பேசுவது மங்கினாலோ அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். இந்த மருந்துகளில் இருப்பவர்கள் சத்தத்தைக் கூட்டவே கூடாது. மற்றவர்களுக்கும், 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. செல்பேசியில் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் பயமில்லை. பஸ்ஸின் முன்பக்க எஞ்சின் இரைச்சலை அமுக்குவதற்காகத்தான் பலரும் சத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். ரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இயர்போனை யாரோடும் பகிர வேண்டாம். தினமும் துடைத்து வையுங்கள்.

மலைக்கான சாமான்கள்

பாட்டுகளைத் தரவிறக்கம் செய்து வைத்துவிடுங்கள். பள்ளத்தாக்கு ஊர்களில் சிக்னல் இருக்கும், அடுத்த திருப்பத்தில் இருக்காது. மழைக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பவர் பேங்கும், பேட்டரியில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டியும் வீட்டில் இருக்கட்டும். குளிரில் செல்பேசியின் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், இரவில் ஜன்னலோரம் வைக்காமல் போர்வைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

முடி கொட்டியவர்களுக்குத் தலைக்கு மேலே மாட்டும் ஹெட்போன் உறுத்தும். காதுக்குள் வைக்கும் சின்ன இயர்போனை வைத்து, மேலே குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டால் கதகதப்பாகவும் இருக்கும், கழன்றும் விழாது. ஊரே குல்லா போட்டுக்கொண்டுதான் நடக்கிறது என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் சமவெளி நோயாளிகளைவிட நாம் அதிர்ஷ்டசாலிகள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் சிகிச்சைத் தேதிக்கு முந்தின நாளே இறங்கிவிடுவது நல்லது.

வாயைத் திறந்து பாடுங்கள்

கேட்பதோடு நிறுத்தாமல் பாடவும் செய்யலாம். குரல் எப்படி இருந்தால் என்ன? முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று எவ்வளவு தூரம் இழுக்க முடிகிறதோ அவ்வளவு தூரம் இழுங்கள். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுவதுதான் இதில் பயிற்சி. வெளிநாடுகளில் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கென்றே பாட்டுக் குழுக்கள் நடத்துகிறார்கள். பிறகு தெரிந்த தாலாட்டு, கும்மி, எதையாவது ஒரு பல்லவி. வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, தையல் மேல் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; காற்று மெலிவு. கீழே ஒரே மூச்சில் பாடிய வரியை இங்கே இரண்டாக உடைத்துத்தான் பாட வரும், அதற்காகப் பயப்பட வேண்டாம். மூச்சு வாங்கினால், தலை லேசானால் நிறுத்திவிடுங்கள்.

பக்கவாதம் வந்தவர்கள் வீட்டில் பாட்டுக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. பேச்சு போனவர்களில் சிலரால் ஒரு சொல் பேச முடியாதபோதும் பாட முடிகிறது. அமெரிக்காவில் 1973-இலேயே இதைச் சிகிச்சை முறையாக்கிவிட்டார்கள்: வேண்டிய வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்துச் சொல்லவைத்து, அசைக்கு ஒரு தட்டாக இடது கையைத் தட்ட வைப்பார்கள். கேத்தியில் எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா, தண்ணீர் என்று சொல்ல வராமல் டம்ளரைத் தட்டிவிடுவார். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி பேத்தி அவருடைய இடது கையைத் தன் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே "தண்ணீர் வேண்டும்" என்பதைத் தாலாட்டு மெட்டில் பாடுவாள். பல நாட்கள் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் 'வேண்டும்' வந்தது. 'தண்ணீர்' கடைசியில்தான் வந்தது, அதுவும் மெட்டோடுதான். இன்றைக்கும் அவர் தண்ணீரைப் பாடித்தான் கேட்கிறார். வீட்டில் யாரும் அதைத் திருத்துவதில்லை. எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

பேச்சு வராவிட்டாலும் கேட்பதை விட வேண்டாம். ஹெல்சின்கியில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் தமக்குப் பிடித்த பாட்டைக் கேட்டவர்களுக்கு, ஒலிப்புத்தகம் கேட்டவர்களைவிடச் சொல் நினைவும் கவனமும் நன்றாகத் திரும்பின. பார்க்கின்சன் நோயில் கால் தரையோடு ஒட்டிக்கொள்பவர்களுக்குச் சீரான தாளம் அடியெடுத்து வைக்க உதவும். கூடவே ஒருவர் கை தட்டிக்கொண்டு நடக்கலாம். நம் ஊர்ப் படிக்கட்டுகளிலும் சரிவுகளிலும் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், சமதரையில் செய்யுங்கள்.

கூட இருப்பவர்களுக்கு

பாட்டை நிறுத்தும் உரிமை நோயாளியுடையது. "நல்ல பாட்டுதானே, இருக்கட்டும்" என்று வற்புறுத்த வேண்டாம். சில நாள் எந்தச் சத்தமும் பிடிக்காது. "தைரியமாக இரு" என்பதற்குப் பதிலாக "இன்றைக்கு என்ன கேட்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். உங்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். மருந்துக் கடை வரிசையிலும், நள்ளிரவில் கஞ்சி காய்ச்சும்போதும் கேட்க. பார்த்துக்கொள்கிறவரின் களைப்பை நம் ஊரில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாள் குறித்து வைப்பது

நம்பிக்கை என்று பெரிதாக எதையாவது பிடித்துக்கொள்ளப் போனால் கைக்கு அகப்படாது. எட்டக்கூடிய தூரத்தில் ஒரு தேதியைக் குறித்து வைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அவ்வளவு தூரத்தை நோயாளியிடம் பேசினால் மனம் உடனே கழித்தல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மே மாத மலர்க் கண்காட்சி என்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள், கொல்லையில் போட்ட பீன்ஸ் அடுத்த மாதம் காய்க்கும் என்பது இன்னும் பக்கம். மருந்துச் சீட்டுக்குப் பக்கத்திலேயே காலண்டரை மாட்டி, சிகிச்சைத் தேதிகளை ஒரு நிறத்திலும் இந்தத் தேதிகளை வேறொரு நிறப் பென்சிலிலும் எழுதுங்கள். இரண்டாவது நிறம் இல்லாமல் ஒரு வாரம்கூடப் போகக் கூடாது. போக முடியாமல் போனால் அடித்துவிட்டு வேறு தேதி எழுதுங்கள், அதற்காகத்தான் பென்சில்.

பாட்டு போதாத இடங்கள்

கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மலைக் குளிர்தானே என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருக்காதீர்கள். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியைப் பாட்டால் மறைக்கப் பார்க்காதீர்கள், வலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிப் பழங்குடி மக்களில் சிலருக்குப் பரம்பரையாக வரும் சிக்கிள் செல் ரத்தசோகையில் குளிரே வலியைக் கிளப்பிவிடும். உடம்பைச் சூடாக வைத்து, நிறையத் தண்ணீர் குடித்து, வலி ஏறினால் மருத்துவமனை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

முன்பு உயிராக இருந்த பாட்டு எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் ஒட்டவில்லை, எதிலும் ஆசை இல்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். 104-உம் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள், வீட்டில் ஒருவரையும் எழுப்பிவிடுங்கள்.

முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்ததும் மருந்து நாள் பட்டியலை அழித்துவிடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்தால் என்றைக்காவது பஸ்ஸில் தானாக ஓட ஆரம்பித்துத் தொலைக்கும். பரிசோதனைக்குப் போகும் நாட்களுக்குப் புதிதாக ஒரு பட்டியல் போடுங்கள். முடிவு வருவதற்கு முந்தைய இரவுக்கு என்ன போடலாம் என்று பலர் கேட்கிறார்கள். அந்த இரவுக்கு நான் பாட்டே வைப்பதில்லை. அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்காரவைத்துக்கொள்வேன். அவர் தேயிலை விலையில் ஆரம்பித்து மருமகள் வரை போய் முடிப்பதற்குள் பத்து மணி ஆகிவிடும்.